மலர் முன்வரிசைக்குப் போன சனிக்கிழமை

மழை இல்லை. மழைக்கு முந்திய வெளிச்சம். அரிசி களைந்த தண்ணீரின் நிறத்தில் ஒரு வெளிச்சம், வடக்கு இங்கிலாந்தின் கூரைகள் மேல் அசையாமல் நிற்கிறது.

பகல் மூன்று மணிக்கே இருட்டப் பார்க்கும் மாதம். பஞ்சாலைகளின் புகைபோக்கிகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். புகை போனால் வானம் தெரியும் என்று ஊரார் நினைத்தார்கள். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

ஜன்னலோரம் ஒரு கதிரை. கதிரையில் கார்த்திகேசு. மடியில் கம்பளி. காதைச் சாய்த்து எதையோ கேட்கிறார்.

சனிக்கிழமை. மூன்று மணி. ஒரு பெருங்கூட்டம் ஒன்றாக மூச்சை இழுக்கிற சத்தம் அவருக்குக் கேட்கிறது. தெருவில் ஒரு பூனை மட்டும் போகிறது.

"தொடங்கிட்டுது," என்கிறார்.

சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சிவக்கொழுந்துவின் கை நின்றுபோகிறது. இன்றைக்கு எந்த ஆட்டம்? அந்த ஆட்டமாக இருக்குமோ?

அது வரவேண்டும் என்று அவள் காத்திருக்கிறாள். அது வந்துவிடக்கூடாது என்றும் பயப்படுகிறாள். கணவனுக்கு மறதி நோய் வந்த நாளிலிருந்து அவளுடைய சனிக்கிழமைகள் இப்படித்தான்.

*

நோய் அவரைப் பின்பக்கமாக நடத்திக்கொண்டு போயிற்று.

முதலில் நேற்றைத் தின்றது. பிறகு போன வருஷத்தை. பிறகு ஓய்வுபெற்றதை, கார் ஓட்டப் பழகியதை, ஊரில் தாய் இறந்த செய்தி வந்ததை. தின்று தின்று ஒரு இடத்தில் வந்து நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில். அவர் இளந்தாரியாக இருந்த இடத்தில். ஊதல் சத்தமும் சேறும் சிகரெட் புகையும் இருந்த இடத்தில்.

நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பந்து என்ற சொல்லையே வாயில் எடுக்காத மனிதர், ஒருநாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து பந்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

சிவக்கொழுந்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேச்சு இந்த வீட்டுக்குள் வருவதில்லை என்பது, இருவரும் பேசாமலே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். அதைத்தான் அவர் மறந்துபோனார். மறக்கிறவருக்கு எல்லாம் சுலபம். நினைவிருக்கிறவள்தான் சோற்றையும் போட்டு, வாயையும் துடைத்துவிட வேண்டும்.

*

ஆனாலும் அவர் சொல்லும்போது அழகாகத்தான் இருந்தது. அதை அவள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சனிக்கிழமை. மதியம் ஆலைச் சங்கு ஊதும். ஊதியவுடன் எண்ணெய்க் கையோடு ஆண்கள் தெருவில் இறங்குவார்கள். ஒரு தெரு அடுத்த தெருவில் கலக்கும். தொப்பிகள், தொப்பிகள், தொப்பிகள். எல்லாம் மலையடிவாரத்து உதைபந்து மைதானத்தை நோக்கி.

விளையாடுகிறவர்களும் அதே பஸ்ஸில்தான் வருவார்களாம். சப்பாத்தைப் பேப்பரில் சுற்றிக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு. இடப்பக்கம் காற்றாகப் பறக்கிற ஒருவன் வாரநாட்களில் தச்சன். அவன் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். கால் களைக்கக்கூடாது அல்லவா.

வார் போட்டுக் கட்டிய தோல் பந்து. மழையில் ஊறினால் கல்லாகக் கனக்கும். அதைத் தலையால் முட்டுவார்கள். தேங்காய் விழுந்த சத்தம் கேட்கும். முட்டியவன் ஒருதரம் தள்ளாடுவான். பிறகு ஓடுவான்.

அந்திப்படும். விளக்குகள் இல்லாத காலம். பந்து எங்கே என்று தெரியாது. எதிர்ப்பக்கப் படிகளில் நின்று பார்க்கிற மனிதர்களும் தெரியமாட்டார்கள். தீக்குச்சிகள் மட்டும் மின்னும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, எல்லாரும் சிகரெட் பற்றவைக்கிறார்கள். ஒரு மலைச்சரிவு முழுக்க மின்மினி.

யாழ்ப்பாணத்தில் வெறுங்காலோடு பந்தடித்துப் பெருவிரல் நகத்தைப் பறிகொடுத்தவர் கார்த்திகேசு. நெசவு இயந்திரக் கம்பனியில் வரைபடம் கீறும் வேலைக்கு இந்த ஊருக்குத் தனியாக வந்தார். முதல் குளிர்காலம். வாடகைக்கு அறை தந்த வீட்டுக்காரி, குளியலறைத் திறப்பை எந்த ஆணியில் மாட்ட வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே பேசினாள். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும்.

ஒரு சனிக்கிழமை அந்தப் படிகளில் போய் நின்றார். கோல் விழுந்தது. பக்கத்தில் நின்ற, புகையிலைப் பைப் பிடிக்கிற கிழவர், பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரர், அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

இந்த நாட்டில் ஒருவர் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவர் அந்தப் படியிலேயேதான் நின்றார். மறு சனிக்கிழமையும். அதற்கு அடுத்ததும். மனைவியும் மகளும் கப்பலில் வந்து சேர்ந்த பிறகும், சனிக்கிழமை என்றால் அவருடைய கால் நிலத்தில் நில்லாது.

*

மகள் தவமலர். வீட்டில் மலர்.

ஆறு வயது. இரட்டைப் பின்னல். அன்னியரைக் கண்டால் தாயின் சேலைத் தலைப்புக்குள் முகத்தை ஒளிக்கிற பிள்ளை. பால்காரனுக்குப் பயம். தபால்காரனுக்குப் பயம். பக்கத்து வீட்டுக்காரி இனிப்புக் கொடுத்தால், அவள் போன பிறகுதான் எடுப்பாள்.

அப்பாவோடு மட்டும் எங்கும் போவாள்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படிகளில் சனம் நெருங்கி நிற்கும்போது சிறு பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் நிற்பவர்களின் கோட்டு முதுகுதான் தெரியும். அதனால் பிள்ளையைத் தூக்கித் தலைகளுக்கு மேலாக முன்னுக்கு அனுப்புவார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கை. அந்தக் கையிலிருந்து இன்னொரு கை. கடைசிக் கை மைதானத்து ஓரத்தில் இருக்கும் குட்டைச் சுவரில் பிள்ளையை இருத்திவிடும்.

யாரும் யாரையும் கேட்பதில்லை. யாரும் யாருடைய பெயரையும் அறிவதில்லை. ஒரு பிள்ளையும் விழுந்ததில்லை. ஆட்டம் முடிந்து கூட்டம் வடிந்ததும் தகப்பன் இறங்கிப் போய்ச் சுவரிலிருந்து தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவான்.

இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்பதே சிவக்கொழுந்துவுக்குப் பிறகுதான் தெரிந்தது. பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து சொன்னபோது.

மாசி மாதம். வெற்றிக் கிண்ணத்துக்கான பெரிய ஆட்டம். கொள்ளாத சனம். பின்னாலிருந்து தள்ளியது. நடுவில் இருந்த இரும்புத் தடுப்பு வளைந்து முறிந்தது. ஒரு மலைச்சரிவு மனிதர்கள் முன்னுக்குச் சரிந்தார்கள். முன்னுக்குச் சுவர். சுவரில் பிள்ளைகள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணிக்கு மேலே முகத்தை மட்டும் காட்டினார்கள். தூக்க விடவில்லை. அவள் கேட்டாள். அவளுடைய இங்கிலீசு போதவில்லை.

*

அதற்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. இருவரும் ஊருக்கும் திரும்பவில்லை. மலரைப் புதைத்த மண்ணை விட்டுவிட்டு எங்கே போவது.

மைதானத்தை இடித்துப் பெரிய கடை ஒன்று கட்டினார்கள். பாலும் பாணும் வாங்க ஊரே அங்கே போகிறது. சிவக்கொழுந்து பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போவாள்.

கார்த்திகேசு அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரே கட்டிலில் படுத்தார்கள். ஒரே குடைக்குள் நடந்தார்கள். கேட்காத கேள்வி ஒன்று இருவருக்கும் நடுவில் வயதாகிக்கொண்டே போயிற்று.

ஏன் தூக்கிக் கொடுத்தீர்கள் என்பதல்ல அந்தக் கேள்வி. அதை அவள் கேட்டுக் கேட்டு மனதுக்குள்ளேயே தேய்த்துவிட்டாள். எல்லாத் தகப்பன்மாரும் கொடுத்தார்கள். அவரும் கொடுத்தார்.

பிள்ளை அழுதாளா?

இதுதான். அன்னியரைக் கண்டால் ஒளிகிற பிள்ளை, அத்தனை அன்னியக் கைகளில் போனபோது அழுதாளா? அம்மா என்று கத்தினாளா? கடைசியாகக் கண்ட முகங்கள் எல்லாம் பயமுறுத்திய முகங்கள்தானா?

இது தெரியாமல் சாகப் பயமாக இருந்தது அவளுக்கு. தெரிந்தவர் ஒருவர்தான் உலகத்தில் இருந்தார். அவரும் உருகிக்கொண்டிருந்தார்.

*

ஒருமுறை ஆத்திரத்தில் அவள் ஒரு பாவம் செய்தாள்.

"மலர் சாப்பிட்டிட்டாளோ?" என்று கேட்டார், சாப்பாட்டுக்கு நடுவில், சாதாரணமாக.

அன்றைக்கு அவளுக்கு முதுகு நோ. படுக்கைத் துணி இரண்டு தரம் மாற்றியாயிற்று. "மலர் செத்துப்போனாள். நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனனீங்கள்," என்று சொல்லிவிட்டாள்.

அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. மேசையில் தலையை முட்டினார். அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. முகம் தெளிந்தது. தெளிந்த முகத்தோடு அவர் மறுபடியும் கேட்டார்.

"மலர் சாப்பிட்டிட்டாளோ?"

"ஓம். சாப்பிட்டிட்டாள்."

வீட்டுக்கு வந்துபோகும் நேர்ஸ் இதைக் கேட்டுவிட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாளுக்கு அவர் போகப் பார்த்தால் பேச்சை மாற்றுங்கள் என்றாள். தேத்தண்ணி கொடுங்கள், பாட்டுப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை.

சிவக்கொழுந்து தலையாட்டினாள். தலையாட்டியவளுக்குத் தெரியும், தான் அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று.

*

சனிக்கிழமை. மூன்று மணி.

அவள் கோப்பையை வைத்துவிட்டு வந்தாள். ஈரக் கையை உடுப்பில் துடைத்தாள்.

"இண்டைக்கு ஆரோட விளையாட்டு?"

"கப் மாட்ச் அல்லோ. லண்டனால வந்திருக்கினம். சனம் எண்டால் சனம், எள்ளுப் போட இடமில்லை." பிறகு கதிரைக்குப் பக்கத்தில் கீழே பார்த்துச் சொன்னார். "மலர், அப்பான்ர கையை விடாதை."

வந்துவிட்டது. இதுதான்.

தேத்தண்ணிக் கேத்தல் இருந்தது. வானொலி இருந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தது. நல்ல மனைவி என்றால் இந்த இடத்தில் எழும்பியிருப்பாள்.

அவள் எழும்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். பாவம் என்று தெரிந்தே இருந்தாள். நாற்பது வருஷப் பசி அது, நல்லது கெட்டது பார்க்குமா?

"பிள்ளைக்கு விளையாட்டுத் தெரியுதோ?"

"எங்க தெரியுது? கோட்டுத்தான் தெரியுது. முன்னுக்கு அனுப்புவம்."

அவருடைய இரண்டு கையும் எழும்பின. கிழட்டுக் கைகள், நடுங்குகிற கைகள், ஒரு பிள்ளையின் அக்குளுக்குள் விரல்களைக் கொடுத்து மெதுவாகத் தூக்கின. நடுக்கம் நின்றிருந்தது.

சிவக்கொழுந்து ஸ்டூலோடு இன்னும் கிட்ட நகர்ந்தாள். கேட்டாள்.

"அழுகிறாளோ?"

"அழுகிறதோ?" கார்த்திகேசு சிரித்தார். பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. "என்னைக் கேக்காமல் தானே கையை நீட்டினவள். அந்தப் பைப் கிழவன்ர தொப்பியை எல்லோ பறிச்சுப்போட்டாள்! தொப்பியைத் தா எண்டு கிழவன் கத்துது. அவள் குடுக்கிறாளில்லை. தன்ர தலையில போட்டுக்கொண்டு போறாள்."

போகிறாள். பெரிய தொப்பி கண்ணை மறைக்கப் போகிறாள். எண்ணெய்க் கை, கரிக் கை, கையுறை போட்ட கை, மோதிரம் போட்ட கை. ஒவ்வொரு கைக்கும் ஒரு சிரிப்பு. பின்னல் இரண்டும் ஆடுகின்றன. குளிரில் எல்லார் வாயிலும் புகை. அந்தப் புகைக்கு மேலே, தொப்பிகளுக்கு மேலே, தரையில் கால் படாமல், பால்காரனுக்குப் பயந்த பிள்ளை போகிறாள்.

"அம்மா எண்டு கூப்பிடேல்லையோ?"

"இல்லை. சிரிக்கிறாள். உமக்குக் கேக்கேல்லையே?"

"பிறகு?"

"சுவரில இருத்தியாச்சு. திரும்பிப் பாக்கிறாள். என்னைத் தேடுறாள். இந்த வெள்ளையளுக்குள்ள என்ர கறுத்த முகத்தைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமோ? கண்டிட்டாள். கையைக் காட்டுறாள்."

கார்த்திகேசு ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார். சிவக்கொழுந்துவும் ஆட்டினாள். வெறும் கண்ணாடி. அதற்கு அப்பால் ஒரு தெரு.

அழவில்லை. பிள்ளை அழவில்லை. அவளுக்குள் எங்கேயோ இத்தனை காலமாக அழுதுகொண்டே இருந்த ஒரு பிள்ளை அழுகையை நிறுத்தினாள். அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

அந்த இடத்தில் நின்றிருக்கலாம். கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. அவள் எழும்பினாள்.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்."

ஆட்டம் அவளுக்காக நிற்கவில்லை.

"பின்னால தள்ளுகினம்," என்றார் கார்த்திகேசு.

அவள் பாதி வழியில் திரும்பினாள். அவருடைய விரல்கள் கதிரைப் பிடியை நெரித்தன. தோள்கள் ஒடுங்கின. மூச்சு இழுத்தது.

"தள்ளாதையுங்கோ! ஐயோ, தள்ளாதையுங்கோ! முன்னுக்குப் பிள்ளையள்! கம்பி வளையுது... மலர்! மலர்!"

எழும்பப் பார்த்தார். முழங்கால் மடங்கியது. கம்பளி நழுவி விழுந்தது. அவள் ஓடி வந்து தோளைப் பிடித்தாள். எத்தனையோ நாள் அவரைத் தண்டிக்க நினைத்திருக்கிறாள். இப்படி அல்ல. இந்த மனிதன் இதை ஒருதரம் பார்த்ததே ஏழு பிறவிக்குப் போதும்.

"மலர் என்னட்ட நிக்கிறாள்," என்றாள்.

அவர் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பித் தன் பக்கம் பிடித்தாள். உரத்துச் சொன்னாள்.

"இஞ்சை பாருங்கோ. மலர் என்னட்ட நிக்கிறாள். நான் முன்னுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். என்ர கோட்டுக்குள்ள நிக்கிறாள், பாருங்கோ."

அவளுக்குக் கோட்டு இல்லை. பழைய கம்பளிச் சட்டைதான் இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"நீர் வந்தனீரோ?"

அன்றைக்கு அவர் கூப்பிட்டார். நீரும் வாருமன் என்றார். குளிருக்குள் யார் போவது என்று அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓம். வந்தனான்."

"நல்ல காலம்," என்றார். நாற்பது வருஷ மூச்சை விட்டார். "நீர் வந்தது நல்ல காலம், கொழுந்து."

கதிரைப் பிடியை விட்டார். அவள் கம்பளியை எடுத்து மடியில் போட்டாள். காலடியைச் சரிசெய்தாள். முடிந்தது என்று நினைத்தாள்.

"அப்ப," என்றார் அவர்.

கண் மேலே போயிற்று. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் எதையோ பார்த்தார்.

"அப்ப அது ஆரின்ர பிள்ளை?"

"எது?"

"அங்கை. முன்னுக்கிருந்து மேலால கொண்டு வருகினமே. ஒரு சின்னப் பிள்ளை. கை மாறிக் கை மாறி... ஒருத்தரும் கத்துறாங்களில்லை. தொப்பியைக் கழட்டுறாங்கள்." குரல் இறங்கியது. "தலை தொங்குது. ஐயோ, தலையைப் பிடியுங்கோவன். ஆரின்ர பிள்ளையோ. தாய்க்குத் தெரியுமோ தெரியாது."

இதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. போன வழியாலேயே திரும்பி வந்தாள் என்று பொலிஸ்காரர் சொல்லவில்லை. அதே கைகள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. தலைகளுக்கு மேலாகத் தகப்பனிடமே வந்து சேர்ந்தாள் என்று, வாங்கியவரும் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் அவளுக்குப் பக்கத்தில் படுத்தார்.

கார்த்திகேசு அழுதார். யாரோ ஒருவரின் பிள்ளைக்காக, ஏங்கி ஏங்கி, சின்னப் பையன் மாதிரி அழுதார். சிவக்கொழுந்துவும் அழுதாள். மலருக்காக இருவரும் ஒன்றாக அழுதது அதுதான் முதல் தடவை. அதில் ஒருவருக்கு அது மலர் என்று தெரியாது.

"கிட்ட வந்திட்டுது," என்றார். "கையை உயத்தும் கொழுந்து. விழ விடக்கூடாது."

அவருடைய கைகள் மேலே போயின. உள்ளங்கை விரிந்து, விரல் விரிந்து, காத்திருந்தன. பிறகு மெல்லத் தாழ்ந்தன, கனம் வந்து இறங்கியதுபோல.

அவள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். தோள்மூட்டு நோவில் வருஷக்கணக்காக உயராத கைகள் அவளுடையவை. இரண்டையும் நீட்டினாள்.

"என்னட்டத் தாங்கோ," என்றாள். "தாய் வரும்வரைக்கும் நான் வைச்சிருக்கிறன்."

அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, மெதுவாகத் தந்தார்.